அருகில் வருவோர்க்கு மட்டும்

காட்டாங்குளத்தூர் இரயில் நிலையத்தை அடுத்த சிறு வீடொன்றில் வாழும் தாய் ஒருவருக்கு மாதந்தோறும் நற்கருணை கொண்டு செல்வது நம் வழக்கம். மூட்டுவலியால் ஆலயம் வர இயலாதவர்; கணவரை இழந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒருநாள், அயல்நாட்டில் வாழும் மகள் அனுப்பிய சிறு கண்ணாடிக் குப்பியைக் காட்டி, “சாமி, இதை நான் பூசிக்கலாமா? தப்பில்லையே?” என்று தயங்கிக் கேட்டார். அடுத்த வீட்டிற்குச் செல்லும் அவசரத்தில், “உங்கள் விருப்பம் அம்மா” என்று கூறி எழுந்துவிட்டோம். அது விடையன்று, விடை சொல்வதிலிருந்து நாம் தப்பிய வழி.

மணப்பெண்ணுக்கும் திருவிழாவுக்கும் உரிய வாசனையை நாம் அறிவோம். அது தெருமுனையிலேயே நம்மை வரவேற்கும். அந்தக் குப்பியிலிருந்ததோ வேறு வகை. பூசியவரின் தோலோடு கலந்து, தோலின் சொந்த மணம்போலவே தங்கி, அணைக்கும் தொலைவில் மட்டும் உணரப்படுவது. நம் நாட்டுச் சந்தன எண்ணெய்க்கு இவ்வியல்பு பண்டுதொட்டே உண்டு. கன்னோசியில் அத்தர் வடிப்போர் பூக்களின் ஆவியைச் சந்தன எண்ணெயிலேயே இறக்கி வைத்தனர். இன்று அவ்வியல்பை வேதியியல் செய்து தருகிறது. 1973-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று உருவாக்கிய ‘ஐசோ ஈ சூப்பர்’ என்னும் ஒரே பொருளைக் கொண்டு 2006-இல் ‘மாலிக்யூல் 01’ என்ற வாசனைத் திரவம் வந்தது. அதைப் பூசியவர் பலர் சற்று நேரத்தில் தம்மீதுள்ள மணத்தைத் தாமே உணர்வதில்லை. அருகில் இருப்பவரே உணர்கிறார். தனக்கே புலப்படாத அணிகலன்! வீண்பெருமைக்கு இதைவிட உதவாத பொருளைக் காண்பது அரிது.

ஆயினும் ஓர் ஐயம் எழாமலில்லை. விலைக்கு வாங்கிய மணத்தை ‘இது என் உடலின் மணம்’ என்று காட்டுவது பொய்யாகாதா? தொடக்கநூல் 27-ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. பார்வை மங்கிய ஈசாக்கு, ஏசாவின் ஆடையிலிருந்து எழுந்த மணத்தை முகர்ந்த பின்பே யாக்கோபுக்கு ஆசி வழங்குகிறார். கைகளிலோ வெள்ளாட்டுத் தோல்! தோலும் இரவல், மணமும் இரவல். புனித அகுஸ்தினார் இச்செயலைப் பொய்யென்று கொள்ளாமல் மறைபொருள் என்றே விளக்கினார். குருமடத்தில் படித்த நாளிலேயே அவ்விளக்கம் நமக்கு முழுதும் உடன்பாடாகவில்லை. ஏசாவின் அழுகுரல் அதற்குள் அடங்க மறுக்கிறது. ஆனால் அதே அகுஸ்தினார், ஏமாற்றும் எண்ணமே பொய்யின் உயிர் என்று கற்பித்தார். யாக்கோபு பிறருக்குரிய மணத்தை அணிந்து பிறருக்குரியதைப் பெற்றான். இத்தாயோ யாரிடமிருந்து எதைப் பறிக்கப் போகிறார்?

சிந்திக்கச் சிந்திக்க, அவருடைய கேள்வி பொய்யைப் பற்றியதே அன்று எனத் தெளிந்தோம். பூவும் பொட்டும் விலக்கப்பட்டவர் வாசனைக்கு உரியவரா என்பதே கேள்வி. நம் கிறிஸ்தவக் குடும்பங்களும் இவ்வழக்கத்தை ஓசையின்றிச் சுமக்கின்றன. அடக்கச் சடங்கன்று உறவுப் பெண்கள் கூந்தற்பூவைக் களைவதை நாமே வாசலில் நின்று பார்த்திருக்கிறோம்; தடுத்ததில்லை.

திருச்சபை இப்பெண்ணின் தோலில் எப்போதோ மணம் பூசிவிட்டது. புனித வாரத்தில் ஆயர் ஒலிவ எண்ணெயில் நறுமணப் பொருள் கலந்து அர்ச்சிக்கும் கிறிஸ்மாவால், திருமுழுக்கில் உச்சியிலும் உறுதிபூசுதலில் நெற்றியிலும் அவர் பூசப்பட்டார். கணவர் இறந்ததும் அப்பூசுதல் கழன்றுவிடும் என்று எந்த மறைநூலும் கூறவில்லை. பெத்தானியாவில் மரியா கொட்டிய தைலத்தை முந்நூறு தெனாரியத்துக்கு விற்கலாமே என்று கணக்கிட்டவன் யூதாசு. ஒரு தெனாரியம் ஒருநாள் கூலி. கணக்குச் சரியாகவே இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அடுத்த மாதம் சென்றபோது, முன்பு பதில் சொல்லாமல் எழுந்ததற்கு வருத்தம் தெரிவித்து, தவறேதும் இல்லை என்று விளக்கினோம். அவர் சிரித்தார். “நீங்க சொல்லுவீங்கன்னு காத்திருக்கல சாமி. பேரப்பிள்ளை விடுமுறைக்கு வந்திருந்தான். மடியிலே படுத்துக்கிட்டு, ஆயா, உன்மேல நல்லா இருக்குன்னான்” என்றார். குப்பி, கணவரின் படத்திற்குக் கீழே, மூடி திருகப்படாமல் இருந்தது.