அக்காவின் பகல் தூக்கம்

கிள்ளானில் எங்கள் தாமானில் பகல் பன்னிரண்டு மணிக்குத் தூங்குகிற பெண் அநேகமாக என் அக்கா ஒருத்திதான். அரசு மருத்துவமனையில் தாதி. இரவு ஒன்பதுக்கு ஆரம்பிக்கும் நைட் டூட்டி காலை ஏழுக்கு முடியும். நோயாளிகளை அடுத்த ஷிப்டிடம் ஒப்படைத்துவிட்டு அவள் வீடு வந்து சேர எட்டரை ஆகிவிடும். "மிஸ்ஸி வந்துட்டா" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி குரல் கொடுக்கும்போது அம்மா அடுப்பில் குக்கரை ஏற்றியிருப்பார்.

போன வருடம் அவளுக்குத் தூக்கம் சுத்தமாகக் கெட்டுப்போனது. படுத்தால் மூன்று மணி நேரம், சில நாள் அதுவும் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் ஏர்கோன் அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிற நான், படித்த தம்பி அல்லவா, தேடிப் படித்து ஒரு பட்டியல் அனுப்பினேன். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி. டூட்டியின் பின்பாதியில் கோப்பி கூடாது. வேலைக்குப் போகும் முன் ஒரு குட்டித் தூக்கம். படுத்ததும் மூச்சுப் பயிற்சி.

அக்கா பதில் போட்டாள்: "நல்லாருக்கு தம்பி. இத அம்மாகிட்டயும் காட்டு."

நான் காட்டவில்லை.

பட்டியலில் பொய் எதுவும் இல்லை. குடித்த கோப்பியின் வீரியத்தில் பாதி, ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். கறுப்புக் கண்ணாடிக்கும் காரணம் உண்டு. 1982 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளியது. அதனால் இங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணியை ஒட்டித்தான். இரவெல்லாம் விழித்தவள் வார்டை விட்டு வெளியே வருவது நேராக விடியலுக்குள். 'எழுந்திரு' என்று உடம்புக்குச் சொல்கிற வெளிச்சம் அது.

நண்பர்களிடம் பேசியபோது வேறு கோபம் வந்தது. இரவுப் பணி புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வகைப்படுத்தியது, 2019இலும் அதையே உறுதி செய்தது. இங்கேயோ 2024இல் தாதியரின் வார வேலை நேரத்தை 42லிருந்து 45 மணியாக உயர்த்தப் போவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைத்தார்கள். வேலை அட்டவணை கெடுத்த தூக்கத்தை லாவெண்டர் எண்ணெய் மீட்டுத் தருமா? நோயாளியைக் கவனிக்கிறவள் தன்னையும் தானே கவனித்துக்கொள்ள வேண்டுமென்றால் மற்றவர்கள் எதற்கு? தே தாரேக் ஆறும்வரை ஆவேசமாகப் பேசினேன். இன்றும் அதில் ஒரு வார்த்தையை மாற்ற மாட்டேன்.

ஆனால் ஒன்று உறுத்தியது. சுயஉதவி, பிரச்சினையை அக்காவின் தலையில் வைத்தது. என் ஆவேசம் அதை அரசாங்கத்தின் தலையில் வைத்தது. இரண்டிலும் குக்கர் இல்லை. நானும் இல்லை.

ஒரு நாள் மதியம் ஒரு மணிக்கு அவளை போனில் எழுப்பினேன். என் பாஸ்போர்ட் எண் தேவைப்பட்டது. எழுந்து, அலமாரியைத் துழாவி, படம் பிடித்து அனுப்பினாள். ஐந்து நிமிட வேலை. பிறகு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் சொன்னாள்: "இன்சுலின ரெண்டு பேரு சரிபார்க்கணும்னு விதி இருக்கு, தம்பி. நேத்து அந்த ரெண்டாவது ஆளு வந்து பார்த்த பிறகும் எனக்கு நம்பிக்க வரல. ஊசியக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னேன்."

ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் விசாரணை அவளைக் கேட்டிருக்கும். அந்த வார்டில் படுத்திருந்த முகம் தெரியாத ஒருவருக்கும் என் பாஸ்போர்ட்டுக்கும் இடையே ஒரு கோடு இருந்ததை யாரும் வரைந்து பார்த்திருக்க மாட்டார்கள். அந்தக் கோட்டில் என் பங்கு எவ்வளவு? இன்னும் எனக்குக் கணக்கு வரவில்லை.

ராமாயணத்தை ஒட்டி ஒரு நாட்டார் கதை உண்டு. காட்டில் பதினான்கு வருடம் கண்விழிக்க வேண்டிய லட்சுமணன், தன்னை விட்டுவிடும்படி நித்திராதேவியைக் கேட்கிறான். உன் பங்குத் தூக்கத்தை வேறு யாராவது ஏற்க வேண்டும் என்கிறாள் அவள். ஊர்மிளை ஏற்றுக்கொண்டு அரண்மனையில் தூங்குகிறாள். தூக்கம் ஒருவருடைய சொந்தச் சமாச்சாரம் அல்ல என்று அந்தக் கதைக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் கணக்கு தலைகீழ். அக்கா எல்லாருக்காகவும் விழிக்கிறாள், அவள் பங்கை நாங்கள் சத்தத்தில் கரைக்கிறோம்.

பகலில் தூங்குகிற பெண் என்றாலே நமக்கு ஓர் இளக்காரம். வள்ளுவரும் 'மடியின்மை'யில் தூக்கத்தைக் கெடுகிறவர்கள் ஏறும் கலமாகத்தான் வைக்கிறார். அவர் சொன்னது சோம்பேறியின் தூக்கத்தை, ஆனால் திட்டுகிறவர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தேவைப்படுவதில்லை.

கடைசியில் பட்டியலை அம்மாவிடம் காட்டினேன். குக்கரைக் காலை எட்டுக்குள் முடித்துவிடலாம் என்றார். குட்டித் தூக்கத்தில்தான் சண்டை. "வெளக்கு வைக்கிற நேரத்துல பொம்பளப் புள்ள படுத்திருந்தா வீட்டுக்கு ஆகாதுடா." அக்காவுக்கு அந்த நேரத்தை விட்டால் வேறு நேரம் இல்லை, எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். நான் வாதாடவில்லை. மதியச் சமையலை வார இறுதியில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அம்மா சிரித்தார், நம்பாத சிரிப்பு.

போன செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு அம்மா அக்காவின் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து விளக்கேற்றினார். மணி அடிக்கவில்லை. அன்றைக்கும் அக்கா தூங்கவில்லையாம். பின்வீட்டில் யாரோ டிரில் போட்டுச் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள்.