குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார்

பெரிய வியாழன், இரவு.

இன்று மாலைப் பூசையில் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வீட்டிலேயே தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்த பாதங்கள். சாமியார் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி, துண்டால் ஒற்றி, முத்தமிட்டு நகர்ந்தார். கடைசியில் இருந்த பெரியவர் மட்டும் காலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வெடித்த குதிகால். இயேசு காலைக் கழுவ வந்தபோது பேதுருவும் இப்படித்தான் கூசியிருப்பார்.

*

மற்ற மூன்று நற்செய்திகளும் இயேசுவின் கடைசி இராவுணவில் அப்பத்தையும் இரசத்தையும் சொல்கின்றன. யோவான் அதைச் சொல்வதில்லை. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்த ஒருவரைக் காட்டுகிறார். எத்தனை வருடம் வாசித்தும் இந்த இடம் எனக்குப் பழகவில்லை. யூதாஸ் அப்போது எழுந்து போயிருக்கவில்லை. அவன் காலும் அந்தக் கைகளில்தான் இருந்திருக்கிறது.

*

பாதத்தைக் கையில் ஏந்துவது என்றதும் காட்பாடிக்குப் பக்கத்துக் கரிகிரியை நினைத்துக்கொண்டேன். அங்கே இருப்பது தொழுநோய் மருத்துவமனை. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூருக்கு டாக்டராக வந்தார். இந்த நோயில் விரலும் பாதமும் அழிவது பெரும்பாலும் உணர்ச்சி செத்துப்போவதால்தான் என்று கண்டு சொன்னவர். வலி தெரியாதவர் முள்ளோடு நடப்பார், கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவார். தசைநாணை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை அவர் நிமிர்த்தியது உலகத்துக்குத் தெரியும். என் மனம் போய் நிற்பதென்னவோ செருப்பிடம். மரத்த கால்களுக்கென்றே ஒரு செருப்பு. அடியில் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர். ஆணி கிடையாது. கழன்று விழுந்தாலும் காலுக்குத் தெரியாது என்பதால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார்.

அந்த வாரை யோசிப்பதற்கு எத்தனை பாதங்களை மடியில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்! அதை நான் ஜெபம் என்றே சொல்வேன்.

*

தவக்காலத்தில் பங்கிலிருந்து அரிசி கொடுத்தோம். நல்ல காரியம்தான். வாங்கிப் போனவர்களில் யார் செருப்போடு வந்தார்கள், யார் வெறுங்காலோடு வந்தார்கள் என்று இப்போது யோசித்தால் ஒன்றும் நினைவில் இல்லை. பெயர்ப் பட்டியலில் டிக் போட்டுக்கொண்டிருந்தேன்.

*

அப்பாவும் இப்போது எம்.சி.ஆர். செருப்புதான். சர்க்கரையில் பாதம் மரத்துவிட்டது. தினமும் ராத்திரி நான்தான் கழுவிவிடுகிறேன். வெந்நீரின் சூடு அவர் காலுக்குத் தெரியாது, என் முழங்கையை விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைக்க வேண்டும். பல நாள் சலிப்போடு செய்திருக்கிறேன். பேசினை டங்கென்று வைத்த நாள்களும் உண்டு. அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

இன்று கோவிலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினால், இடது காலின் பெருவிரலுக்குக் கீழே ஒரு ஜல்லித் துணுக்கு அழுந்தியிருந்தது. தோல் கிழியவில்லை, சிவந்து குழிந்திருந்தது. கோவிலுக்குப் போய், முட்டிபோட்டு, வரிசையில் நின்று நன்மை வாங்கி, அதன் மேலேயே வீடுவரை நடந்து வந்திருக்கிறார்.

“குத்தலையாப்பா?”

“எதும்மா?”

துணுக்கை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு மற்றக் காலை அவராகவே என் பக்கம் நீட்டினார்.