கடல் கடந்த தெய்வமும் கரையில் நின்ற சாதியும்

வில்லியனூரில் இரண்டு தேர்கள் ஓடுகின்றன. ஒன்று திருக்காமீசுவரர் தேர். பிரெஞ்சுக் கவர்னரே வந்து வடம் பிடித்தார் என்று ஊரார் இன்றும் பெருமை பேசும் தேர். மற்றொன்று லூர்து மாதாவின் தேர். உயிர்ப்புப் பெருநாளுக்குப் பின் நடக்கும் மாதா திருவிழாவுக்குப் பாகூரிலிருந்து பேருந்தேறிச் சென்றேன். பகுத்தறிவாளனுக்கு அங்கென்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். நோயாளியைப் பாராமலே மருந்து எழுதும் மருத்துவனை நாம் நம்புவதில்லையே! கொடி பறந்தது, மெழுகுத்திரிகள் உருகின, கோயில் முன்னுள்ள குளத்து நீரைத் தாய்மார் புட்டிகளில் மொண்டனர். லூர்து ஊற்றின் நீர் இக்குளத்தில் கலந்திருக்கிறது என்பது அவர்தம் நம்பிக்கை.

லூர்து எங்கே, வில்லியனூர் எங்கே? பிரான்சின் தென்மேற்கு மலையடிவாரத்தில், 1858-ஆம் ஆண்டில், பெர்னதெத் என்னும் பதினான்கு வயதுச் சிறுமி மாதாவைக் கண்டதாகச் சொன்னாள். நொடித்துப்போன மாவரைப்போன் ஒருவனின் மகள் அவள். அந்தக் காட்சியை நான் நம்பவில்லை. ஆனால் அக்கதையில் ஒரு செய்தி என்னை நிறுத்தியது. மாதா அவளோடு பாரிசுப் பிரெஞ்சில் பேசவில்லையாம். அவ்வூர் ஏழைகளின் வட்டார மொழியிலேயே பேசினாளாம். குகையில் நிற்கும் சிலையின் அடியிலும் அம்மொழியைத்தான் பொறித்திருக்கின்றனர். மக்கள் மொழி அறியாத தெய்வம் மக்களுக்கு எதற்கு என்பது அந்தச் சிறுமிக்கே விளங்கியிருக்கிறது!

அந்த மாதாதான் 1877-இல் சிலையாகி வில்லியனூருக்கு வந்தாள். வந்தும் என்ன? பூசை இலத்தீனில் நடந்தது. 1962 முதல் 1965 வரை கூடிய வத்திக்கான் சங்கம் வழிவிட்ட பிறகே பீடத்தில் தமிழ் ஏறியது. ஏறியதே, அதற்காக மகிழ்வோம். அடுத்த தெருக் கோயிலின் கருவறைக்குள் தமிழ் நுழைய நாம் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம் அன்றோ?

ஒரு வழிபாடு வேற்று நாட்டுக்குப் போனால் அந்நாட்டு உடையை உடுத்துகிறது. லூர்தில் மெழுகுத்திரி ஊர்வலம், இங்கே தேர். வேளாங்கண்ணியில் மாதாவுக்குப் புடவை சாத்துகிறார்கள். முதன்முறை காணும் ஐரோப்பியக் கிறித்தவர், இது நம் கோயில்தானா என்று திகைத்து நிற்பார். இதில் குறை காண எனக்கு மனமில்லை. பூவும் புடவையும் தமிழும் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. ஆனால் வந்த வழிபாடு பூவை மட்டுமா எடுத்துக்கொண்டது?

போப்பின் தூதராகப் புதுவைக்கு வந்த தூர்நோன் 1704-இல் ஓர் ஆணை பிறப்பித்தார். சாகக் கிடக்கும் பறையரின் வீட்டுக்குள் குருமார் சென்று இறுதிச் சடங்கை ஆற்ற வேண்டும் என்பதும் அதில் ஒன்று. ஆணையிட்டுச் சொல்ல வேண்டியிருந்ததென்றால், அதுவரை நடந்தது என்ன என்பதை எண்ணிப் பாருங்கள்! சாவின் வாயிலிலும் தீட்டு! அந்நாளைய சம்பாக் கோயிலின் உள்ளேயே ஒரு சுவர் இருந்தது. ஒருபுறம் பறையர், மறுபுறம் உயர்சாதித் தமிழரும் சட்டைக்காரரும் ஐரோப்பியரும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745-இல் இச்செய்தியைப் பதிந்திருக்கிறது. சேரி மக்கள் திரண்டு சென்று தலைமைக் குருவிடம் நியாயம் கேட்டனர். ஆண்டவன் பிரிக்காத எங்களை நீங்கள் எப்படிப் பிரிக்கலாம் என்பதே அவர்கள் வழக்கு. குருவால் மறுமொழி சொல்ல முடியவில்லை. சுவர் இடிந்தது. இடித்தது அருளன்று, கேள்வி! புதுவை மண்ணில் எழுந்த பகுத்தறிவுக் கேள்விகளுள் அதையும் ஒன்றாக நான் எண்ணுகிறேன்.

எதிர்த்திசையில் போனவர்களையும் பார்ப்போம். 1848-இல் அடிமை முறை ஒழிந்த பின், புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக ரியூனியன் தீவுக்குப் போனார்கள் நம்மவர். அயல்நாட்டுக் கோயிலில் மண்டியிட்டு ஞானஸ்நானம் பெற்றவர் பலர். அவர்தம் பேரப்பிள்ளைகள் ஞாயிறு பூசைக்கும் போவர், காவடியும் எடுப்பர், தீயும் மிதிப்பர். கப்பலிலும் கரும்புத் தோட்டக் கொட்டடியிலும் அவர்களுடைய சாதிக் கட்டு தளர்ந்தது. இங்கிருந்து போன வழிபாடு சாதியைக் கடலில் நழுவவிட்டது. அங்கிருந்து வந்த வழிபாடு அதைக் கரையிலே பொறுக்கிக்கொண்டது.

சாதியையும் ஏற்காவிடில் மேல்சாதியார் மதத்தில் சேர்ந்திருக்க மாட்டார்கள், அதுவும் இந்நாட்டுப் பண்பாடுதானே என்பார் உண்டு. நான் கேட்பது ஒன்றே: அந்தத் தழுவலுக்கு விலை கொடுத்தவர் யார்? மொழியை மாற்றியதற்கு எவரும் அழவில்லை. சுவருக்கு அழுதவர், தீட்டிலிருந்து தப்பிக்கவே ஞானஸ்நானம் பெற்றவர். புதுவை–கடலூர் மறைமாவட்டத்து எறையூரில் 2008-இல் தலித் கிறித்தவர் தனிப் பங்கு கேட்டதும், கலவரம் மூண்டதும், துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டதும் ஏடுகளில் வந்தவை. திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்று 2016-இல் இந்திய ஆயர் பேரவையே ஒப்புக்கொண்டது.

நாம் கைகொட்டிச் சிரிக்க வேண்டா. ஐயர் இல்லாத திருமணம் செய்துகொண்டு, சாதி பார்த்தே பெண் எடுக்கும் தோழர்கள் நம்மிடையே இல்லையா? நம் கொள்கையும் இந்த மண்ணுக்கு ஏற்ப 'உடை' மாற்றிக்கொண்டதோ?

குளக்கரையில் ஒரு முதியவர் என்னைப் பார்த்தவாறு நின்றார். "தம்பி கும்பிடலியா?"

"இல்லைங்க ஐயா. எனக்கு நம்பிக்கை கிடையாது."

அவர் சினக்கவில்லை. தம் ஊரைச் சொன்னார்; கல்லறையில் தம்மவர்க்குத் தனி மூலை என்றார். "இந்தத் தண்ணிய எல்லாரும் ஒண்ணாத்தான் மொள்ளுறோம் தம்பி. அதுக்காகவே வருசா வருசம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, புட்டியின் மூடியை என் கையில் கொடுத்துப் படியில் இறங்கினார்.