அயலாரின் சந்நிதி

கொல்கத்தாவின் பழைய டிரெட்டா பஜாரில் ‘சீ இப் சர்ச்’ என்றோர் ஆலயம் உண்டு, 1905-இல் எழுந்தது. பெயரைக் கேட்டு நற்கருணைப் பேழையைத் தேட வேண்டாம். அவ்வூர்ச் சீனர் தம் கோவில்களையும் சர்ச் என்றே வழங்குகின்றனர். மாடியில் வீற்றிருப்பவள், இரக்கத்தின் தேவியாம் குவான்யின்.

அவள்முன் கைகுவிக்கலாமோ என நம்மவர் தயங்குவர். அத்தயக்கம் முறையானதே. ஆனால் நம் மனச்சான்றின் அச்சம் அவ்வளவோடு நின்றுவிடலாமா? 1962-இல் சீனப் போர் மூண்டபோது, இந்நாட்டில் வாழ்ந்த சீன வம்சத்தார் ஏறத்தாழ 3,000 பேர் விசாரணையின்றி இராஜஸ்தானத்துத் தியோலி முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பலர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள்; குழந்தைகளும் இருந்தனர். ஊதுவத்தி ஏற்றுவது பாவமோ என்று ஆராயும் நாம், அயலான் பிடிபடும்போது வாளாவிருப்பதை அதே கண்டிப்போடு ஆராய்வதுண்டா?

விடுதலையானவர்களில் பலர் பின்னர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தனர். குவான்யின்முன் விளக்கேற்ற இன்று எஞ்சியிருப்போர் சிலரே.