முடிவில்லா ஆட்டமும் பொச்சாப்பும்

எளிய கணினி விளையாட்டு ஒன்றில் மணிக்கணக்காகக் கட்டுண்டு கிடப்பவரைச் சோம்பேறி என்றோ உளநோயாளி என்றோ பெயரிட்டு ஒதுக்கிவிடலாம். ஆயினும் அந்தக் கட்டு எதனால் ஆனது என்னும் வினா அப்பெயர்களால் தீர்வதில்லை. எளிய விளையாட்டு என்று இங்கே குறிக்கப்படுவது, விதிகளை ஒரே நிமிடத்தில் கற்றுக்கொள்ளத் தக்கதும், கதையோ எதிராளியோ இல்லாததும், ஓர் ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்து அடுத்த ஆட்டம் உடனே தொடங்கக் காத்திருப்பதும், கணினி விளையாட்டில் தனி நாட்டம் இல்லாதவரும் ஓய்வுப் பொழுதில் கையில் எடுப்பதுமான வகையாகும். பொருள் இல்லை, புகழ் இல்லை, தோழமையும் இல்லை. இருந்தும் கை அதை விடுவதில்லை. பற்றுக்குக் காரணம் ஆசை என்று சமயங்கள் பலவும் ஒருமுகமாகக் கூறியிருக்க, ஆசைப்படத் தக்க எதுவும் இல்லாத இடத்தில் பற்று எங்ஙனம் முளைக்கிறது என்பது சமயச் சிந்தனைக்கே ஒரு சிக்கல்.

இவ்வகையின் தலைசிறந்த எடுத்துக்காட்டு டெட்ரிஸ். 1984-ஆம் ஆண்டில் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பு மையத்தில் பணியாற்றிய அலெக்சேய் பஜித்னோவ், எலெக்ட்ரோனிகா 60 என்னும் கணினியில் இதை ஆக்கினார். அக்கணினியில் படம் வரையும் வசதி இல்லாமையால், எழுத்துக்குறிகளைக் கொண்டே கட்டைகளைத் திரையில் காட்ட வேண்டியிருந்தது. நான்கு சதுரங்கள் ஒட்டிய ஏழு வடிவங்கள் மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்குகின்றன. ஆடுபவர் அவற்றைத் திருப்பியும் நகர்த்தியும் கீழே அடுக்குகிறார். இடைவெளியின்றி நிரம்பிய வரிசை மறைந்துவிட, நிரம்பாதது அப்படியே நின்று, அதன்மேல் அடுத்தது ஏறுகிறது. அடுக்கு உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. கட்டை இறங்கும் அந்தச் சில நொடிகளை உற்று நோக்கினால் ஒன்று விளங்கும்: ஒரு கட்டை தரையில் பதியும் கணத்திலேயே அடுத்தது மேலே தோன்றிவிடுவதால், ஒரு செயல் முடிந்தது என்று மனம் மூச்சுவிடுவதற்கு இடமே வைக்கப்படவில்லை. வரிசை மறையும்போது எழும் சிறு நிறைவும், அதன் கீழே புதைந்திருந்த பழைய ஓட்டை வெளிப்படும்போது எழும் சிறு உறுத்தலும் ஒரே நொடியில் வந்து போகின்றன.

சைவ சித்தாந்தம் அறிந்தவருக்கு இங்கே ஓர் ஒப்புமை தானாகவே தோன்றும். அடுக்கி நிற்பது சஞ்சிதம், அதாவது சேர்ந்து கிடக்கும் வினை. இறங்கி வருவது பிராரத்தம், அதாவது நுகர வேண்டி வந்த வினை. அதை வைக்கும் இடத்தால் பின்னர் விளைவது ஆகாமியம், அதாவது புதிதாக ஏறும் வினை. ஒப்புமை அழகியதே; ஆனால் நெடுந்தொலைவு செல்லாது. சித்தாந்தத்தில் வினை தீர்வதற்கு வழி உண்டு. டெட்ரிஸிலோ, கட்டைகள் ஒன்றையொன்று சாராமல் குருட்டாம்போக்கில் வருமானால், எத்தனை தேர்ந்தவர் ஆடினாலும் என்றேனும் தோல்வியைத் தவிர்க்க இயலாத வரிசையொன்று வந்தே தீரும் என்பதைக் கணித அறிஞர் ஹைடி பர்கியல் 1997-இல் நிறுவினார். வெற்றி என்பதே விதியில் எழுதப்படாத ஆட்டம் இது; தள்ளிப்போடப்பட்ட தோல்வி ஒன்றே இதில் உண்டு.

ஆசையே காரணம் என்னும் விடைக்கு வலுவான துணை, திருக்குறளின் 94-ஆம் அதிகாரமான சூது. சூதில் கிடைக்கும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் இரும்போடு வள்ளுவர் ஒப்பிடுகிறார். இந்த உவமையில் இரை வேண்டும், இரைமேல் பசி வேண்டும். டெட்ரிஸில் இரை எது? பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கல் இவ்விடத்தில் கூர்மையான ஒரு சோதனையைக் கற்பனை செய்தார். நாள்தோறும் சிறு தொகை வைத்து ஆடும் ஒருவனுக்கு, அன்று அவன் வெல்லக்கூடிய பணத்தைக் காலையிலேயே கொடுத்து, ஆடாதிருக்கச் சொன்னால் அவன் வாடிப்போவான். ஆகவே அவன் நாடுவது பணமன்று. பணயமே இல்லாமல் ஆடச் சொன்னாலோ அவன் சூடேறாமல் சலித்துப்போவான்; ஆகவே அவன் நாடுவது வெறும் பொழுதுபோக்குமன்று. பணத்தை வென்றால் இன்பம் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளுதல் அவனுக்குத் தேவைப்படுகிறது என்பதும், தன் நிலையை எண்ணிப் பார்ப்பதினின்று தப்பவே மனிதன் அப்படி ஓடுகிறான் என்பதும் அவர் கண்ட முடிவுகள்.

இச்சோதனையின் முதற்பாதி இன்றும் நிற்கிறது; இரண்டாம் பாதியை டெட்ரிஸ் பொய்யாக்கிவிட்டது. பணயமின்றியே கோடிக்கணக்கானோர் சூடேறி ஆடுகின்றனர். பணத்தின் இடத்தைப் புள்ளிக்கணக்கு பிடித்துக்கொண்டது என்று பாஸ்கலுக்காக ஒருவர் வாதாடலாம். ஆனால் முதன்முதலில் ஆக்கிய வடிவத்தில் புள்ளிகளோ நிலைகளோ இல்லாதிருந்தும், ஆடத் தொடங்கிய தன்னால் நிறுத்த முடியவில்லை என்று பஜித்னோவ் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். இரையே இல்லாத தூண்டிலில் முதலில் சிக்கியவர் தூண்டிலைச் செய்தவரே.

ஆகவே விடையை அவாவின் பக்கம் தேடுவதை விட்டு, வேறு பக்கம் திரும்ப வேண்டியுள்ளது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் களங்களாக நான்கைக் கூறுகிறது. செல்வம், ஐம்புல நுகர்ச்சி, காதலர் கூட்டம் ஆகியவற்றுடன் விளையாட்டும் அந்நான்கில் ஒன்று. செல்வத்தின் கிளையாகவோ புலன் நுகர்ச்சியின் வகையாகவோ விளையாட்டை அடக்காமல், தனிக் களமாக வைத்திருப்பது கவனிக்கத் தக்கது. பயன் எதுவும் கருதாமலே ஆட்டத்திலிருந்து மகிழ்ச்சி பிறக்கும் என்பதைத் தொல்காப்பியர் இயல்பாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். அந்த உவகையின் மறுபுறத்தைக் காட்டுவது குறளின் 54-ஆம் அதிகாரமான பொச்சாவாமை. பொச்சாப்பு என்பதற்கு மறவி, அதாவது செய்ய வேண்டியதையும் தன்னையும் மறந்திருத்தல் என்று பொருள். மிகுந்த மகிழ்ச்சியால் வரும் சோர்வு அளவுகடந்த சினத்தைவிடத் தீயது என்று அவ்வதிகாரம் தொடங்குகிறது. அரசனை நோக்கிச் சொல்லப்பட்ட அறிவுரையேயாயினும், அதன் உளவியல் எவருக்கும் பொருந்தும்: சினம் தான் வந்ததை உடையவனுக்கே அறிவித்துவிடும், மகிழ்ச்சியில் வரும் மறதியோ தன்னையே மறைத்துக்கொள்ளும். எளிய விளையாட்டில் நேர்வது பெரும்பாலும் இதுவே. ஆடுபவர் மற்றொரு பொருளை விரும்பிக் கடமையைக் கைவிடுவதில்லை. கடமை ஒன்று உண்டு என்பதே அவருக்கு அந்நேரம் நினைவில் இல்லை.

பௌத்த நூல்கள் இதே கருத்துக்கு இன்னும் நுட்பமான சொல்லைக் கையாளுகின்றன. தீக நிகாயத்தின் முதல் சூத்திரமான பிரமஜாலத்தில், புத்தர் ஈடுபடாத விளையாட்டுகளின் நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. எட்டு கட்டப் பலகை, பத்து கட்டப் பலகை, தாயக்காய் ஆகியவற்றோடு குட்டிக்கரணம், பொம்மைத் தேர், பொம்மை வில், எழுத்தை ஊகித்தல் முதலியனவும் அதில் இடம்பெறுகின்றன. பணயம் வைக்க வழியில்லாத குழந்தை விளையாட்டுகளும் சேர்ந்திருப்பதால், பொருள் இழப்பு மட்டுமே இங்கே குற்றமாகக் கருதப்படவில்லை என்பது தெளிவு. இவையனைத்துக்கும் அச்சூத்திரம் இடும் பொதுப்பெயரில் பமாதட்டானம் என்னும் பாலிச் சொல் வருகிறது. பமாதம் என்பது மறதியோடு கூடிய கவனமின்மை, டானம் என்பது அதற்கு இடமாவது. இல்லறத்தாருக்குரிய ஐந்து சீலங்களுள் கள்ளை விலக்கும் ஐந்தாவதிலும் இதே சொல் அமைந்துள்ளது. கள்ளும் விளையாட்டும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டது தற்செயல் அன்று என்றே கொள்ளலாம். ஆயினும் கள் இல்லறத்தாருக்கும் விலக்கப்பட, விளையாட்டுப் பட்டியல் துறவு வாழ்வின் ஒழுக்கமாகவே கூறப்பட்டது. இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்தும் அளவுக்கு அம்மரபு கடுமை காட்டவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். டெட்ரிஸ் ஆடுபவரிடம் கவனமின்மை எங்கே இருக்கிறது? அவரது கண் திரையை விட்டு அகல்வதில்லை, விரல் தவறுவதில்லை, வேறு எண்ணம் குறுக்கிடுவதில்லை, யோகியர் தேடும் ஒருமுகப்பாடு அவருக்குச் சில நிமிடங்களில் கைகூடிவிடுகிறது. திறமைக்கும் சவாலுக்கும் இடையே இசைவு உள்ள செயலில் மனிதர் தம்மையும் காலத்தையும் மறந்து ஒன்றிப்போகும் நிலையை உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி ‘ஓட்டம்’ என்று பெயரிட்டு, வாழ்வின் நிறைவான அனுபவங்களுள் ஒன்றாக மதித்தார். ஒன்றிப்போதல் நன்று என்றால் விளையாட்டில் ஒன்றிப்போதல் மட்டும் எப்படித் தீதாகும்?

அபிதம்மம் என்னும் பௌத்த உளவியல் இதற்கு வைத்திருக்கும் விடை வியக்கத் தக்கது. தேரவாத மரபின் கையேடான அபிதம்மத்த சங்ககம் மனத்தோடு சேர்ந்தெழும் உளக்கூறுகள் 52 என்று பகுக்கிறது. அவற்றுள் ஏகக்கதை, அதாவது ஒருமுகப்பாடு, எல்லாச் சித்தத்துக்கும் பொதுவான ஏழனுள் வைக்கப்பட்டிருக்கிறது. பூசை செய்பவனிடம் உள்ளது போலவே பூட்டை உடைக்கும் கள்வனிடமும் அது உண்டு. ஸதி என்னும் விழிப்போ நற்சித்தங்களில் மட்டுமே எழும் கூறுகளுள் வைக்கப்பட்டிருக்கிறது. ஸதி என்ற சொல்லுக்கு வேர்ப்பொருள் நினைவு என்பதே. பொச்சாப்பு மறவி எனின், ஸதி அதன் நேர் எதிர். ஆகவே ஆடுபவரிடம் குவிந்திருப்பது கவனம், குறைந்திருப்பது நினைவு. ‘நான் இப்போது ஆடிக்கொண்டிருக்கிறேன்’ என்னும் அறிதல் ஒன்று மட்டும் அந்தக் குவிப்பிலிருந்து நழுவிவிடுகிறது. தியானத்தோடு இந்நிலை கொண்ட ஒப்புமையால் மயங்குவோர் பலர். கவனத்தை அளந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தோன்றும் என்பதால் அம்மயக்கத்தைப் பெரும்பிழை என்று சொல்லிவிடவும் இயலாது.

விளையாட்டு முழுவதையும் பமாதத்தின் பக்கம் தள்ளிவிடுவதும் சரியாகாது. இந்தியச் சமயங்கள் கடவுளின் செயலுக்கே அப்பெயரை இட்டிருக்கின்றன. படைத்தல் இறைவனுக்கு வெறும் லீலை, அதாவது விளையாட்டு, என்பது பிரம்மசூத்திரத்தின் கூற்று. அதை விளக்கும் சங்கரர், விருப்பமெல்லாம் நிறைவேறிய அரசன் வேறு பயன் கருதாமல் ஆடுவதையும், தானாக நிகழும் மூச்சையும் உவமையாக்குகிறார். கம்பரும் தம் காப்பியத்தின் கடவுள் வாழ்த்தில் உலகங்களைப் படைத்துக் காத்து நீக்குவதை முடிவற்ற விளையாட்டாகவே பாடுகிறார். முடிவின்மையும் பயனின்மையும் டெட்ரிஸிலும் உள்ளன. ஆனால் சங்கரரின் அரசன் ஆட்டத்துக்குள் குறையோடு நுழைவதில்லை. ஆடும்போது தான் அரசன் என்பதை இழப்பதுமில்லை. அந்த அரசனும் டெட்ரிஸில் கட்டுண்டவரும் ஆடுவது ஒரே ஆட்டமாகவே இருக்கலாம். ஆட்டத்துக்கு வெளியே நிற்கும் ஒருவர் ஆடுபவருக்குள் எஞ்சியிருக்கிறாரா என்பதில்தான் லீலையும் கட்டும் பிரிகின்றன. பல்லாங்குழியில் எதிரே அமர்ந்திருப்பவர் கொட்டாவி விட்டால் ஆட்டம் கலைந்துவிடும்; காய் தீர்ந்தாலும் கலைந்துவிடும். முடிவை வெளியிலிருந்து கொண்டுவரும் ஒருவர் அங்கே எப்போதும் உண்டு. திரையில் அவரும் இல்லை.

நிறுத்துபவர் இல்லாத இந்த இடைவெளியை வணிகம் கண்டுகொண்ட கதை நீளமானது. இங்கே அதன் இரு முனைகள் போதும். 2012-இல் வெளிவந்த கேண்டி கிரஷ் சாகா, ஆடுபவருக்கு ஐந்து உயிர்களைக் கொடுத்து, இழந்த ஒவ்வோர் உயிரும் மீள அரைமணி நேரம் காத்திருக்கச் சொன்னது. காத்திருக்க மனமில்லாதவர் பணம் செலுத்தலாம். தானே முன்வந்து நிறுத்தி, நிறுத்தத்திலிருந்து விடுதலையை விலைக்கு விற்ற இந்த ஆட்டத்தை உடைய கிங் நிறுவனத்தை, 590 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் பிளிசார்டு 2016-இல் வாங்கி முடித்தது. மறுமுனையில் நிற்பவர் ஹனோயைச் சேர்ந்த தோங் நுயென். 2013-இல் அவர் வெளியிட்ட ஃபிளாப்பி பேர்டு, திரையைத் தட்டித்தட்டி ஒரு பறவையைக் குழாய்களுக்கிடையே பறக்கவிடுவதன்றி வேறொன்றுமில்லை. அது உலகெங்கும் பரவியிருந்த 2014 பிப்ரவரியில், ஓய்வு நேரத்தில் சில நிமிடம் ஆடுவதற்கென்று செய்தது விடமுடியாத பழக்கப் பொருளாகிவிட்டது என்று கூறி, அவரே அதைக் கடைகளிலிருந்து விலக்கிக்கொண்டார். மது விற்பதை நல்வாழ்க்கைத் தொழிலாகாது என்று விலக்கிய பௌத்தப் பட்டியலில் விளையாட்டு இல்லை. இருந்திருந்தால் அவரது செயலுக்குப் பெயரிடுவது எளிதாக இருந்திருக்கும். ஏற்கெனவே ஆட்டம் ஏற்றப்பட்டிருந்த கைபேசிகளில் பறவை தொடர்ந்து பறந்துகொண்டுதான் இருந்தது.

பிரமஜாலப் பட்டியலில் ஆகாசம் என்றொரு விளையாட்டும் உண்டு. பலகையே இல்லாமல், கட்டங்கள் வானில் இருப்பதாகப் பாவித்து ஆடுவது அது என்று உரை விளக்குகிறது. கருவியை விலக்கினாலும் ஆட்டம் விலகாது என்பதை அறிந்தவர்கள் அப்பட்டியலைத் தொகுத்திருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டில் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வொன்றில், டெட்ரிஸ் ஆடியவர்கள் உறங்கத் தொடங்கும் வேளையில் கட்டைகள் கண்முன் இறங்குவதைக் கண்டதாகக் கூறினர். ஆடியவர்களுள் ஐவர் மூளையின் நினைவுப்பகுதி பழுதுபட்டவர்கள். புதிதாக நிகழ்வது எதுவும் அவர்கள் மனத்தில் தங்குவதில்லை. அவர்களிலும் மூவருக்கு உறக்கத்தின் வாயிலில் வடிவங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அவை எங்கிருந்து வருகின்றன என்பது அவர்களுக்குத் தெரியவில்லை, அப்படியோர் ஆட்டம் ஆடியதும் நினைவில் இல்லை.