பிரிவும் மாறுதலும்

அன்பு மாறலாகாது என்று நாம் யாவரும் கூறுகிறோம். ஆனால் அன்பு கொண்டோர் இருவரும் மாறும் இயல்புடைய மனிதரே அல்லவா? பிரிந்து சென்றவர் வேறொருவராய்த் திரும்பி வந்தால், அவரிடம் பழைய அன்பை எதிர்பார்ப்பது நியாயமா? இக்கேள்வி ஏட்டில் பிறந்ததன்று. நம் தோட்டங்களில் பிறந்தது.

1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தொடங்கினர். மலாயாவிலிருந்து பல்லாயிரவரைக் கொண்டு சென்றனர். அவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்தும் ஆடவர் போயினர். ஆசை வார்த்தையால் சென்றோரும் உண்டு. பலவந்தமாய்ப் பிடித்துச் செல்லப்பட்டோரும் உண்டு. காலராவும் மலேரியாவும் பட்டினியும் எண்ணற்றோரை மாய்த்தன. பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. எனினும் எஞ்சியவருட் பலர் 1945இல் யுத்தம் ஓய்ந்த பின்னரே வீடு கண்டனர்.

திரும்பியவன் உடல் மெலிந்திருந்ததை ஊரே கண்டது. உள்ளம் என்னவாயிற்று என்பதை எவர் கண்டார்? பக்கத்தில் படுத்தவனை விடியலில் பிணமாகப் பார்த்தவன், லயத்து வாசலில் அமர்ந்து மனைவியிடம் எதைப் பேசுவான்? அவன் மௌனத்தை அவள் வெறுப்பென்று எண்ணினால், அது அவள் குற்றமாகுமா?

அவளும் பழையவளாய் இருந்தாளில்லை. அரிசி கிடையாத காலத்தில் மரவள்ளி நட்டுப் பிள்ளைகளைக் காத்தவள் அவள். கடிதமும் செய்தியுமின்றி, தான் சுமங்கலியா விதவையா என்றறியாது நாட்களைக் கழித்தவள். கணவன் சொற்படி நடந்தவள், தானே முடிவு செய்யக் கற்றுக்கொண்டாள். ஆனால் நம் சமூகத்தின் வழக்கம் யாது? பிரிந்திருந்த பெண்ணை நோக்கி, "ஒழுங்காக இருந்தாயா?" என்று கேட்பதே. "எதை உண்டு உயிர் பிழைத்தாய்?" என்று கேட்பார் அரியர். இது அறமாகுமா?

பழைய முகத்தையே தேடுவது அன்பாகாது. வந்தவரைப் புதிதாய் அறிய முயல்வதே அன்பு. அம்முயற்சி இருவர்க்கும் பொது. மனைவிக்கு மட்டும் விதித்த பொறுமையன்று. பட்ட துயரைக் காட்டி மௌனமாயிருக்க ஒருவனுக்கு உரிமையுண்டு. கை ஓங்க உரிமையில்லை. இருவரும் மெய்யாக முயன்றும் மனம் கூடவில்லையெனில், மதிப்போடு பிரிவதும் பாவமாகாது.

இன்றும் பிரிவு நம்மை விட்டபாடில்லை. சிரம்பானிலும் பகாவிலும் மனைவி மக்களை விட்டுச் சிங்கப்பூரில் உழைப்போர் உளர். கைப்பேசியில் குரல் தினமும் வருகிறது, மனம் வருகிறதா? கிராணி வேலை பார்க்கும் என் போன்றோர், ஆள் வராத நாளைச் செக்ரோலில் குறித்துவிடுகிறோம். வீட்டிலிருந்தும் மனத்தால் வராத நாள் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

ஆதலின் தோழர்களே, "ஏன் மாறினாய்?" என்று வழக்காடுமுன், "உனக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்போமாக. கேட்டபின், பதில் வரும்வரை அருகிலிருப்போமாக.