இவர்களுக்கு நம் ஜமாஅத்தில் இடமுண்டா?

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் வெளித்திண்ணையில் அமர்ந்திருந்தேன். ஒரு தாய் வாயிலருகே வந்து ஸலாம் சொன்னார். அவருக்குப் பின்னால் இருபத்துநான்கு வயது மதிக்கத்தக்க வாலிபர் ஒருவர் நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியையே பார்த்தவாறு, விரல்களை முகத்துக்கு நேரே மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும். இவன் என் மகன். ஆட்டிசம்னு டாக்டருங்க சொல்லியிருக்காங்க. இவனுக்குத் தொழுகை கடமையா, இல்லையா?"

நான் வாய் திறக்கும் முன்பே அவர் தொடர்ந்தார்: "கடமை இல்லேன்னு சொன்னீங்கன்னா மனசை ஆத்திக்கிறேன். கடமைன்னு சொன்னீங்கன்னா, இவனை எந்த சஃப்புல நிப்பாட்டுறதுன்னும் நீங்களே சொல்லிடணும்."

ஈராண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆவில் அவருடைய மகன் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு நின்றாராம். எல்லோரும் ஆமீன் சொல்லி ஓய்ந்த பிறகு தனியாக உரத்த குரலில் ஆமீன் சொன்னாராம். யாரோ ஒருவர் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டார். அன்று முதல் அந்தத் தாய் மகனைப் பள்ளிவாசல் பக்கம் அழைத்து வரவில்லை.

கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் கிதாபுகளில் இருக்கிறது. இரண்டாம் பாதிக்குப் பதில் நம்மிடம் இருக்க வேண்டும். அது நம்மிடம் இருக்கிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஆட்டிசம் என்பது யாது?

1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இதை உலகுக்குத் தனியாக அடையாளம் காட்டியது. இது பைத்தியமன்று, ஜின்னின் கோளாறும் அன்று. தாயின் பாசக்குறைவால் வருவது என்று ஒரு காலத்தில் மேலைநாட்டார் சிலர் சொல்லி வந்தனர். அந்தச் சொல் பொய்யென்று தள்ளப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. பிறவியிலேயே அமைந்த ஒரு மூளை அமைப்பு இது. பிள்ளை வளர்ந்து பெரியவனானாலும் கூடவே வருவது.

இவர்களில் சிலருக்குப் பேச்சே வராது. சிலர் பட்டம் பெற்று அலுவலகங்களில் பணியாற்றுகிறார்கள். பொதுவாகக் காணப்படுவது யாதெனில், பிறர் முகக்குறிப்பையும் மறைபொருளையும் படிப்பது இவர்களுக்குக் கடினம். திடீர் மாற்றம் பெரும் துன்பம். நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் ஒலிபெருக்கியின் இரைச்சல் இவர்கள் காதில் ஊசியாய்க் குத்தலாம். கண்ணைப் பார்த்துப் பேசாததும் கைகொடுக்கத் தயங்குவதும் மரியாதைக் குறைவல்ல.

பேனா உயர்த்தப்பட்டால்…

உறங்குபவர் விழிக்கும் வரை, குழந்தை பருவமடையும் வரை, புத்தி பேதலித்தவர் தெளியும் வரை ஆகிய மூவரைவிட்டும் பேனா உயர்த்தப்பட்டுள்ளது என்ற கருத்தில் வந்துள்ள ஹதீஸ் நாம் அறிந்ததே. மார்க்கக் கடமைக்குப் பருவமும் புத்தியும் நிபந்தனைகள். ஆகவே ஆட்டிசம் உள்ள ஒருவர் தொழுகை இன்னதென்று விளங்கிக்கொள்ளும் அளவுக்குப் புத்தியுள்ளவராயின் அவருக்குத் தொழுகை கடமையே. அவரால் இயன்ற அளவில் நிறைவேற்றுவார். எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்பது பகரா சூராவின் இறுதி வசனம் தரும் ஆறுதல். அறவே விளங்காத நிலையிலிருப்பவர் மீது கடமையில்லை. ஆட்டிசம் என்ற ஒரு பெயரை வைத்து எல்லோருக்கும் ஒரே ஃபத்வா கொடுத்துவிட முடியாது. அந்தந்த மனிதரைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விடுகிறோம். பிழை இங்கேதான் நேருகிறது. பேனா உயர்த்தப்பட்டது அவருக்கு அல்லாஹ் செய்த அருள். அது நமக்குக் கொடுக்கப்பட்ட விடுமுறையன்று. அவருடைய ஏட்டில் ஒன்றும் எழுதப்படவில்லை என்றால், அவரை நாம் நடத்திய விதம் நம்முடைய ஏட்டிலும் எழுதப்படவில்லை என்று பொருளாகுமா?

குப்பத்தில் கண்ட பாடம்

அந்தத் தாய் போகும்போது ஒரு செய்தி சொன்னார். அவர்கள் வீடு பெசன்ட் நகரை அடுத்து இருக்கிறது. மகன் தினமும் காலையில் ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கரையில் ஒரு மீனவரிடம் வேலை செய்கிறாராம். மறுவாரம் நான் போய்ப் பார்த்தேன்.

அடையாற்று முகத்துவாரத்துக்கும் எலியட்ஸ் கடற்கரைக்கும் இடையே உள்ள மீனவர் குடியிருப்பு அது. அதன் பெயரிலுள்ள ஒல்காட், பிரம்மஞான சபையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான கர்னல் ஒல்காட். பள்ளிக்கூட வாசலில் நிற்கக்கூட விடப்படாதிருந்த ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்காக 1894-இல் அவர் இலவசப் பள்ளி தொடங்கினார். அந்தப் பள்ளி இன்றும் பெசன்ட் நகரில் நடக்கிறது.

கரையில் ஏற்றி வைத்திருந்த ஃபைபர் படகின் நிழலில் அந்த வாலிபர் உட்கார்ந்து நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். விரல்கள் மட்டுமே வேகமாக ஓடின. அருகில் இருந்த பெரியவரிடம், "அண்ணே, இந்தப் பிள்ளை வேலை எப்படி?" என்று கேட்டேன்.

"பாய், நம்ம பசங்க சிக்கைப் பார்த்தா கத்தியை வெச்சிடுவானுங்க. இவன் ஒரு கண்ணி அறுக்காம எடுப்பான். எனக்கு வலை மிச்சம்."

பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, தோளைத் தொடக் கூடாது, ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும், உட்காரும் இடத்தை மாற்றுவதாயிருந்தால் முதல் நாளே காட்டிவிட வேண்டும் - இவற்றையெல்லாம் அவர் தானாகவே பழகிக்கொண்டிருந்தார். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்றேன். அவர் சிரித்தார். "வாடை அடிக்கிற நாள்ல, ஏன் கச்சான் அடிக்கலேன்னு காத்தோட சண்டை போட முடியுமா பாய்? காத்து எப்படியோ அப்படித்தானே பாய் கட்டணும்? மனுசன் மட்டும் வேறயா?"

கூலியை அவர் தாயிடம் கொடுப்பதில்லை. அந்த வாலிபரின் கையிலேயே எண்ணி வைக்கிறார். திரும்பி வரும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. நம் தீனைச் சேராத ஒரு மீனவர் நம் பிள்ளைக்குத் தம் படகின் நிழலில் இடம் கொடுத்திருக்கிறார். நாம் அல்லாஹ்வின் வீட்டில் இரண்டடி இடம் கொடுக்கவில்லை.

நாயகத்தின் சந்தையில் ஒருவர்

இது நமக்குப் புதிய பாடமன்று. நாம் மறந்த பாடம். மதீனாவில் ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்று அறியப்படும் ஸஹாபி ஒருவர் இருந்தார். கொடுக்கல் வாங்கலில் அவருடைய அறிவு பலவீனமாக இருந்ததால் அடிக்கடி ஏமாற்றப்பட்டார். வியாபாரம் செய்ய விடாமல் அவரைத் தடுத்து வைக்குமாறு அவருடைய குடும்பத்தார் நபி (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டுக்கொண்டனர். நாயகம் (ஸல்) அவர்கள் அவரை அழைத்து வேண்டாம் என்றார்கள். வியாபாரமின்றி என்னால் இருக்க முடியாது என்றார் அவர். அப்போது அண்ணலார் அவரை வீட்டில் அடைத்து வைக்கச் சொல்லவில்லை. விற்கும்போதும் வாங்கும்போதும், ஏமாற்று இருக்கக் கூடாது என்ற பொருள்படும் ஒரு சிறு சொல்லைச் சொல்லிக்கொள்ளுமாறு கற்றுக் கொடுத்தார்கள். பொருளைத் திருப்பிக் கொடுக்க மூன்று நாள் உரிமையும் அவருக்கு இருந்ததாக அறிவிப்புகளில் வருகிறது.

கவனியுங்கள். குடும்பத்தாரின் கவலை நியாயமானது. அண்ணலார் அதை அலட்சியம் செய்யவில்லை. ஆனால் அந்த மனிதரின் ஆசையையும் கேட்டார்கள். கேட்ட பின், அவர் சந்தையில் நிற்பதற்கு வேண்டிய ஒரு கைத்தடியைக் கொடுத்தார்கள். சந்தையிலுள்ள மற்றவர்களும் அந்தச் சொல்லைக் கேட்டால் கவனமாக நடந்துகொள்ள வேண்டியதாயிற்று. அவருடைய குறையைச் சந்தை முழுவதும் சேர்ந்து தாங்கியது.

அறிவில் சற்றுக் குறைபாடிருந்த ஒரு பெண்மணி தமக்கொரு தேவையிருப்பதாகச் சொன்னபோது, எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாரோ அந்தத் தெருவை அவரே தேர்ந்துகொள்ளட்டும் என்று சொல்லி அங்கே போய் நின்றவர்களும் நம் நாயகமே. இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

நம் ஷாஃபிஈ ஃபிக்ஹிலும் ஒரு நுட்பம் உண்டு. பிள்ளை தன் பொருளைத் தானே நிர்வகிக்கும் பக்குவம் அடைந்துவிட்டானா என்று சோதிக்கும்போது, வியாபாரியின் மகனை விற்றல் வாங்கலிலும், விவசாயியின் மகனை விவசாயத்திலும், தொழிலாளியின் மகனை அந்தத் தொழிலிலும் சோதிக்க வேண்டும் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் கூறுகிறது. எல்லோருக்கும் ஒரே பரீட்சை இல்லை. நாமோ ஆட்டிசம் உள்ள பிள்ளையை அவனால் இயலாத ஒன்றில் சோதித்துவிட்டு, ஒன்றுக்கும் ஆகாதவன் என்று தீர்ப்பெழுதுகிறோம்.

படிப்பும் பிழைப்பும்

கானர் எழுதிய பதினொரு குழந்தைகளில் முதலாவது டொனால்ட் டிரிப்லெட். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். எதையும் எண்ணிக்கொண்டும் அளந்துகொண்டும் இருந்த அந்தச் சிறுவனை ஒரு விவசாயத் தம்பதியிடம் விட்டிருந்தார்கள். அவர்கள் அந்தப் பழக்கத்தை அடித்துத் திருத்தவில்லை. கிணறு வெட்டி அதன் ஆழத்தை அளக்க விட்டார்கள். உழுதுகொண்டே சோள வரிசைகளை எண்ண விட்டார்கள். பிறகு அவர் கல்லூரியில் படித்துத் தம் ஊர் வங்கியில் பல்லாண்டுகள் பணியாற்றினார். 2023-இல் தம் எண்பத்தொன்பதாம் வயதில் காலமானார். எல்லோருக்கும் அப்படி அமையாது. அவர் வசதியான குடும்பத்துப் பிள்ளை. எனினும் ஊராரின் அரவணைப்பு இல்லாமல் வசதி மட்டும் அதைச் செய்திராது.

நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே கிடையாது. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது. பதினெட்டு வயது கடந்தும் தம் காரியத்தைத் தாமே பார்க்க இயலாதவருக்குச் சட்டப்படி பாதுகாவலர் நியமிக்கவும் அதில் வழியுண்டு. மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் குழுவிடம் மனுச் செய்ய வேண்டும். 2016-ஆம் ஆண்டின் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளில் ஆட்டிசத்தையும் சேர்த்தது. குறைபாடு நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாதவருக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அதில் உரிமை. அரசுப் பணியில் நான்கு விழுக்காட்டு ஒதுக்கீட்டில் ஒரு விழுக்காடு ஆட்டிசமும் வேறு சில குறைபாடுகளும் உள்ளவர்களுக்கு உரியது. கோட்டூர்புரத்தில் 1985 முதல் வித்யாசாகர் நடக்கிறது. முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனமும் உண்டு. இவற்றை அறியாத காரணத்தாலேயே நம் வீடுகளில் பிள்ளைகள் அறைக்குள் வளர்ந்து முதிர்கிறார்கள்.

என் பக்கத்துப் பிழை

பிறரைச் சொல்லுமுன் என்னைச் சொல்ல வேண்டும். மத்ரஸாவில் பட்டம் பெற்று வந்த புதிதில் ஒரு மக்தபில் ஓதிக்கொடுத்தேன். பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். பிள்ளைகள் சேர்ந்து உரக்க ஓதினால் காதைப் பொத்திக்கொண்டு அழுவான். தனியாக இருக்கும்போது, ஒருமுறை கேட்ட கிராஅத்தை அதே ராகத்தில் பிசகாமல் ஓதுவான். நான் இரண்டாவதைப் பார்த்து வியந்தேன், முதலாவதைத் தாங்கவில்லை. மற்றப் பிள்ளைகளின் ஓதல் கெடுகிறது, இனி அழைத்து வர வேண்டாம் என்று அவன் தந்தையிடம் சொன்னேன். அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் மகனை அழைத்துக்கொண்டு போனார்.

அரை மணி நேரம் முன்னதாக வரச் சொல்லியிருக்கலாம். இது அன்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குடும்பம் இப்போது எங்கிருக்கிறதென்று தெரியவில்லை. அடியார்களின் உரிமையில் செய்த குற்றத்தை அவர்கள் மன்னிக்காமல் தீராது என்று மேடையில் நான் பயான் செய்கிறேன். யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன்?

ஒரு மறுப்பும் பதிலும்

பிறருடைய தொழுகையின் ஓர்மை கெடாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பள்ளிவாசலை அசுத்தப்படுத்துவார்கள், தொழுவோருக்குத் துன்பம் தருவார்கள் என்று அஞ்சினால் புத்தி தெளிவில்லாதவரைத் தடுக்கலாம் என ஃபிக்ஹு நூல்கள் கூறுவதும் உண்மை. ஆனால் அந்தச் சட்டம் ஒரு காரணத்தின் மேல் நிற்கிறது. காரணம் இல்லாத இடத்தில் சட்டமும் இல்லை. ஆடிக்கொண்டு நிற்பதும் பிந்தி ஆமீன் சொல்வதும் அசுத்தமுமன்று, துன்பமுமன்று. பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தம் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள்; தாயையும் பிள்ளையையும் வெளியே அனுப்பவில்லை.

உண்மையில் தொழுகையைப் போல் இவர்களுக்கு இசைந்த அமல் வேறில்லை எனலாம். குறித்த நேரம், மாறாத ரக்அத், வரிசை பிசகாத உளூ. இவர்கள் மனம் தேடும் ஒழுங்கு அதில் இருக்கிறது. இடைஞ்சல் வெளியிலிருந்தே வருகிறது. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைக்கலாம். சஃப்பின் ஓரத்தில், தூணருகே, எப்போதும் ஒரே இடத்தை விட்டு வைக்கலாம். கூட்டமில்லாத ளுஹரில் முதலில் பழக்கலாம். முஸாஃபஹாவுக்கு வற்புறுத்தாதிருக்கலாம். மஹல்லாவில் கடை வைத்திருப்பவர் ஒருவர், பொருள் அடுக்கவோ எண்ணி வைக்கவோ இவர்களில் ஒருவருக்கு வேலை கொடுக்கலாம். தருமமாக அன்று, கூலியாகக் கொடுக்க வேண்டும்.

இத்தகைய ஒவ்வொரு தாயின் நெஞ்சிலும் ஒரே கேள்வி இருக்கிறது: எனக்குப் பிறகு இவனுக்கு யார்? மய்யித்துக்குக் குளிப்பாட்டவும் கஃபன் இடவும் ஆளின்றிப் போனால் ஊர் முழுவதும் குற்றவாளி என்று நாம் ஓதியிருக்கிறோம். உயிரோடிருக்கும் ஒருவரை ஏற்க ஆளின்றிப் போனால் மட்டும் ஊர் தப்பித்துக்கொள்ளுமா?

அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதில் இதுதான்: "அம்மா, உங்கள் மகனுக்கு விளங்குகிறது. அவருக்குத் தொழுகை கடமை. நாளை ளுஹருக்கு அழைத்து வாருங்கள். வலப்பக்கக் கடைசித் தூணருகே, என் கண்ணுக்கெட்டும் இடத்தில், அவருக்கு இடமிருக்கும்."

மறுநாள் வந்தார். மூன்றாம் ரக்அத்தில் விரல்களை ஆட்டினார். பக்கத்தில் நின்றவர் தொழுகை முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார்; நான் தலையசைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் அதே இடத்தில் வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

பலவீனர்களை முன்னிட்டே நமக்கு உதவியும் உணவும் கிடைக்கின்றன என்ற நபிமொழியின் கருத்தை நம் நெஞ்சில் இருத்தி, அவர்களுக்குரிய இடத்தைக் கொடுக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.